சாவிக்குள் ஒரு சாவி

உங்கள் கார் சாவியைக் கொஞ்சம் கையில் எடுங்கள். பட்டன் வைத்த, கூழாங்கல் போல வழவழப்பான சாவி என்றால் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்திலோ ஓரத்திலோ நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதைத் தள்ளிக்கொண்டே வளையம் மாட்டுகிற முனையை இழுத்தால், உள்ளிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இரும்புச் சாவி உருவிக்கொண்டு வரும்.

நம் பார்க்கிங்கில் வண்டி நிறுத்துகிறவர்களிடம் ஒரு மாதமாக இதைக் கேட்டு வருகிறேன். பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களில் பலருக்கு அதை எந்த ஓட்டையில் போடுவது என்று தெரியவில்லை. ஏனென்றால் கதவில் ஓட்டையே காணோம்!

எப்படித் திறப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இத்தனை எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகும் இந்த இரும்புத் துண்டு ஏன் அங்கே ஒளிந்திருக்கிறது என்ற கதையைச் சொல்ல ஆசை. நான் படித்தது பி.காம். மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் சாவிக்கொத்தோடு குடும்பம் நடத்தியவன். பூட்டு என்று யாராவது வாயெடுத்தால் எனக்குப் பேச்சு நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘சாவி’ போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல். ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அதே கப்பலில் வந்திறங்கியவைதான். அதற்கு முன் நம்மிடம் திறவுகோல் இருந்தது, தாழ் இருந்தது. வள்ளுவர் அன்பைப் பற்றிப் பேசும்போதுகூட ‘தாழ்’ என்ற சொல்லைத்தான் எடுத்தார். திருமறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரண்யத்தில், அப்பர் பதிகம் பாடிக் கோயில் கதவைத் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது பெரியபுராணம். கதவைத் திறக்க ஒருவர், அடைக்க ஒருவர் என்று அங்கேயே இரண்டு பேர் வந்துவிட்டார்கள் பாருங்கள்.

தமிழ்நாட்டில் பூட்டு என்றால் திண்டுக்கல். நம்மில் பலருடைய சொந்த ஊர் வீட்டில் ஒரு மாங்காய்ப் பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். மாங்காய் வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். அதன் உள்ளே அடுக்கடுக்காக லீவர் என்கிற தகடுகள் இருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால்தான் பூட்டு விடும். ஒரு தகடு கூடவோ குறையவோ தூக்கப்பட்டாலும் விடாது. இந்தப் பற்களைக் கையால் அரத்தைப் போட்டு ராவி எடுத்தார்கள் என்பதுதான் திண்டுக்கல்லின் பெருமை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் அதே மாவட்டத்துப் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு இன்றைக்கும் கிராக்கி குறையவில்லை. அலிகாரில் இயந்திரத்தில் அடித்துவரும் மலிவுப் பூட்டுகளோடு போட்டி போட முடியாமல் பூட்டுப் பட்டறைகள் குறைந்துவிட்டன என்பதுதான் வருத்தம்.

திண்டுக்கல்லில் செய்த பூட்டு வகைகளில் இரண்டை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காரிடம் வரும்போது அவை தேவைப்படும்.

ஒன்று, மணிப்பூட்டு. சாவியைத் திருப்பினால் உள்ளே மணி அடிக்கும். வீட்டுக்காரர் திறந்தாலும் அடிக்கும், திருடன் திறந்தாலும் அடிக்கும். யாரோ திறக்கிறார்கள் என்பதை ஊருக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. ‘யார்’ என்பதை நாம்தான் எழுந்து பார்க்க வேண்டும்.

மற்றொன்று, தந்திரப் பூட்டு. இந்தியாவில் பல இடங்களில் பல காலமாகச் செய்துவந்த வகை இது. இதன் சாவித் துளை வெளியே தெரியாது. ஒரு குமிழை அழுத்தி ஒரு தகட்டை நகர்த்தினால்தான் துளை கண்ணில் படும். விஷயம் தெரியாதவன் சரியான சாவியையே கையில் வைத்திருந்தாலும் பூட்டைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இங்கிலாந்துக்காரர்கள் வேறொரு வழியில் போனார்கள். 1817-ல் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். கள்ளச்சாவிக்கு மசியாத பூட்டு செய்பவருக்குப் பரிசு என்று அரசாங்கம் அறிவித்தது. ஜெரமியா சப் என்பவர் 1818-ல் செய்து காட்டினார். யாராவது கம்பியை விட்டு நோண்டி ஒரு லீவரை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டால், அந்தப் பூட்டு அப்படியே இறுகிவிடும். பிறகு சொந்தக்காரரின் நிஜச் சாவிக்கும் திறக்காது. அதை மறுபடி வழிக்குக் கொண்டுவர, பூட்டோடு தனியாக இன்னொரு சாவியைக் கொடுத்தார் சப். பூட்டு முரண்டு பிடித்தால் அதைச் சமாதானப்படுத்த மட்டும் ஒரு சாவி. சில வருடங்கள் கழித்து, நிஜச் சாவியையே எதிர்ப்பக்கம் திருப்பினால் போதும் என்று எளிதாக்கினார்கள். ஆனாலும் முதலில் அவருக்குத் தோன்றியது, பூட்டு எவ்வளவு பலமானதோ அவ்வளவுக்கு அவசர வழியும் அவசியம் என்பதுதான். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

இந்த விஷயத்தை வங்கியில் தினமும் பார்த்தேன். ஸ்ட்ராங் ரூமை ஒருவர் மட்டும் திறக்க முடியாது. ஒரு சாவி மேனேஜர் அல்லது ஆபீசரிடம், ஒரு சாவி ஹெட் கேஷியரிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். லாக்கர் வைத்திருக்கும் நீங்கள் இதை வேறு விதத்தில் பார்த்திருப்பீர்கள். வங்கியின் சாவி முதலில், உங்கள் சாவி அடுத்து. பற்று என்று ஒன்று இருந்தால் வரவு என்று ஒன்று இருக்க வேண்டும் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்களே, அதே கணக்குதான்.

வாடிக்கையாளர்கள் கண்ணில் படாதது இன்னொன்று உண்டு. ஒவ்வொரு சாவிக்கும் டூப்ளிகேட் உண்டு. அது அதே கிளையில் இருக்காது. உறையில் போட்டு, அரக்கு வைத்து, வேறொரு கிளையில் ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்திருப்போம். அதோடு விட்டுவிடவும் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அந்த டூப்ளிகேட்டை எடுத்துவந்து புழக்கத்தில் விட்டு, புழக்கத்தில் இருந்ததை உறையில் போட்டு அனுப்ப வேண்டும். சாவிப் பதிவேட்டில் அதற்குத் தனிப் பத்தி உண்டு, தேதி உண்டு, இரண்டு கையெழுத்து உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இது என்ன வெட்டி வேலை, இருக்கிற சாவி நன்றாகத்தானே திறக்கிறது என்று ஒரு சீனியரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், அன்றைக்கு வந்திறங்கிய டூப்ளிகேட்டைக் கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னார். உள்ளே போனது, திரும்பவில்லை. வியர்த்துப்போய், முன்னும் பின்னும் அசைத்து, ஒரு வழியாகத் திருப்பினேன். பூட்டும் சாவியும் சேர்ந்துதான் தேய்கின்றன. ஒரே சாவி வருடக்கணக்கில் போய்வந்தால் பூட்டு அந்தச் சாவிக்கே பழகிவிடும். உறைக்குள் புதுசாகவே இருக்கும் சாவி அதற்கு அந்நியம்.

மாற்றிப் போட்டுப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. ஒடிசாவில் பூரி ஜெகந்நாதர் கோயிலின் பொக்கிஷ அறைக்கு ரத்ன பண்டார் என்று பெயர். அதன் உள் அறையில் இருக்கும் நகைகளை 1978-ல் கணக்கெடுத்தார்கள். பிறகு, 2018 ஏப்ரலில் கட்டடத்தின் உறுதியைப் பார்ப்பதற்காக ஒரு குழு உள்ளே போனது. உள் அறையைத் திறக்கவில்லை. விளக்கைப் பிடித்துக் கம்பி வழியாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான், உள் அறைச் சாவியையே காணோம் என்ற விஷயம் வெளியே வந்தது. பெரிய சர்ச்சை, நீதி விசாரணைக் குழு என்று விவகாரம் வளர்ந்தது. ஜூன் மாதத்தில், கலெக்டர் அலுவலக ஆவண அறையில் ஓர் உறை கிடைத்தது. அதன் மேல் டூப்ளிகேட் சாவிகள் என்று எழுதியிருந்தது. நம் வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தைத் தினமும் கடந்து போகிற நமக்கு, அந்த ஆவண அறை எப்படி இருந்திருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆக, சாவி கிடைத்துவிட்டது, எல்லாருக்கும் நிம்மதி. 2024 ஜூலை 14-ம் தேதி, அந்தக் கணக்கெடுப்புக்கு 46 வருடத்துக்குப் பிறகு, உள் அறையைத் திறக்கப் போனார்கள். பத்திரமாக வைத்திருந்த அந்தச் சாவிகளைப் போட்டார்கள். ஒன்றும் திறக்கவில்லை. கடைசியில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் மூன்று பூட்டுகளையும் உடைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. என் சீனியர் அதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி காருக்கு வருவோம். மோட்டார் வண்டி வந்த புதிதில் ஸ்டார்ட் பண்ணுவதற்குச் சாவி கிடையாது. வண்டிக்கு முன்னால் நின்று கம்பியைச் சுழற்ற வேண்டும். பிறகு மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. சாவி ஒரு ஸ்விட்சை விடுவிக்கும், ஸ்டார்ட் பண்ணத் தனிப் பொத்தான் இருக்கும். சாவியைத் திருப்பினாலே எஞ்சின் உயிர் பெறும் ஏற்பாட்டை 1949-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் கொண்டுவந்தது. ஐம்பது வருடம் கழித்து மறுபடி பொத்தானுக்கே வந்துவிட்டோம் என்பது தனி வேடிக்கை.

நம் ஊரில் அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் யாரும் பதறமாட்டார்கள். டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆள் இரும்பு ஸ்கேலோடு வருவார். கண்ணாடி இடுக்கில் விட்டு ஒரு இழுப்பு இழுப்பார். அவ்வளவுதான். திருடனுக்கும் அவ்வளவுதான் என்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1983 டிசம்பர் 14-ம் தேதி பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியை ஹர்பால் சிங் என்பவர் கையில் கொடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்குக் கைமாறியதும் வெறும் உலோகச் சாவிதான்.

அதற்கு முந்தைய வருடமே, 1982-ல், பிரான்சின் ரெனோ நிறுவனம் ஃபுவேகோ என்ற காரில் தூரத்திலிருந்தே கதவைத் திறக்கும் ரிமோட்டைக் கொண்டுவந்துவிட்டது. பிறகு 1990-களில் சாவித் தலைக்குள் ஒரு சின்ன ‘சிப்’ ஏறியது. வண்டி அந்தச் சிப்பை அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர். 1998-லிருந்து ஐரோப்பாவில் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். இந்தச் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. வண்டியில் இருக்கும் ஒரு கம்பிச் சுருளுக்கு மிக அருகில் வந்தால், அதிலிருந்தே தனக்கு வேண்டிய சொற்ப மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். இதை நினைவில் வையுங்கள், சீக்கிரம் தேவைப்படும்.

இம்மொபிலைசருக்குப் பின்னாலேயே, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டாலே திறக்கும் வண்டிகள் வந்தன. கதவில் சாவித் துளைக்குத் தேவை இல்லாமல் போனது. துளை இருந்தால் ஸ்க்ரூடிரைவர் விட்டுத் திருப்பத் தோன்றும், பார்க்கவும் அழகில்லை. ஆனால் முழுக்க எடுத்துவிடவும் தயாரிப்பாளர்களுக்கு மனம் வரவில்லை. மின்சாரத்தை நம்பிய எந்தப் பூட்டும் மின்சாரம் போனால் வெறும் சுவர்தானே? அதனால் பல மாடல்களில் டிரைவர் பக்கக் கதவில் மட்டும் ஒரு துளையை விட்டுவைத்து, மேலே ஒரு மூடியைப் போட்டு மறைத்தார்கள். திண்டுக்கல்லின் தந்திரப் பூட்டேதான்.

இது யாருக்கு எப்போது தேவைப்படும் என்று கேட்பீர்கள். நம் குடியிருப்பில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் நிறைய. ஐந்து மாதம் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டு வருவோம். இங்கே வண்டி நின்ற இடத்திலேயே நின்று பேட்டரி இறங்கிப்போயிருக்கும். அப்படித் திரும்பிவந்த ஒரு தம்பதிக்கு, வந்த மூன்றாம் நாள் இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. ரிமோட் வேலை செய்யவில்லை. அவசரச் சாவி ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியும், மூடியையும் கண்டுபிடித்துக் கழற்றிவிட்டார். ஆனால் வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடச் சாவி நுழையாத துளை அது. தூசும் துருவும் ஏறி இறுகிக் கிடந்தது. நல்ல வேளையாக வாட்ச்மேன் ஓடிப்போய் வேலூர் ரோட்டில் ஓர் ஆட்டோ பிடித்து வந்தார். அந்த அம்மா இப்போது நலம். பூரியின் மூன்று பூட்டுகள் என் நினைவுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

சரி, திறக்கும் விதம். டிரைவர் பக்கக் கைப்பிடியின் ஒரு முனையில், கதவோடு அசையாமல் நிற்கும் ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் விரலால் தடவினால் ஒரு கீறல் தட்டுப்படும். இரும்புச் சாவியின் முனையை அதில் விட்டு மெதுவாக நெம்பினால் மூடி கழன்றுவிடும். சில வண்டிகளில் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நெம்ப வேண்டும். சில மாடல்களில் மூடியே கிடையாது, துளை நேராகவே தெரியும். உங்கள் வண்டியில் எப்படி என்பது டேஷ்போர்டில் பிரிக்காமல் கிடக்கும் அந்தக் கையேட்டில் இருக்கிறது. முதல் தடவை பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். மூடி பிளாஸ்டிக், வேகமாக நெம்பினால் பெயின்ட்டும் போகும்.

கதவு திறந்ததும் பல வண்டிகளில் அலாரம் அலறும். பயப்படாதீர்கள், அது மணிப்பூட்டு. திறப்பது நீங்கள்தான் என்று அதற்குத் தெரியாது. வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் அடங்கிவிடும். ரிமோட்டின் பேட்டரி செத்துப்போயிருக்கும்போது எப்படி ஸ்டார்ட் பண்ணுவது? பிரேக்கை மிதித்துக்கொண்டு, அந்தச் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிவைத்து அழுத்துங்கள். பேட்டரி வேண்டாத சிப் என்று சொன்னேனே, அது பதில் சொல்லும். சில கம்பெனிகள் சாவியை வைக்க வேறு இடம் ஒதுக்கியிருக்கும், அதுவும் கையேட்டில் உண்டு.

செத்தது ரிமோட்டின் பேட்டரி அல்ல, வண்டியின் பெரிய பேட்டரி என்றால் அலாரமும் இல்லை, ஸ்டார்ட்டும் இல்லை. அப்போதும் கதவைத் திறந்தாக வேண்டும். ஏனென்றால் பானட்டைத் திறக்கும் நெம்பி உள்ளேதான் இருக்கிறது. டிக்கி மின்சாரத்தில் திறக்கும் வண்டி என்றால் அதுவும் திறக்காது. ஜம்பர் கேபிளை டிக்கியில் வைத்திருப்பவர்கள் அதை இன்றைக்கே எடுத்து சீட்டுக்கு அடியில் போட்டுவிடுங்கள்.

மாதம் ஒருமுறை அந்தத் துளையில் சாவியைப் போட்டு ஒரு திருப்பு. இறுக்கமாக இருந்தால் கிராஃபைட் தூளோ பூட்டுக்கென்று விற்கும் ஸ்ப்ரேயோ போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிநாடு போகும்போது ஒரு சாவியை நம்பகமான பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டு ரிமோட்டையும் ஒரே வளையத்தில் மாட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வங்கி இன்ஸ்பெக்ஷன் ஞாபகம்தான் வருகிறது.

சாவி காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் அதற்குள் இருக்கும் இரும்புச் சாவியும் உள்ளேதான், மற்ற சாவிதான் கதி. ஆனால் உள்ளே குழந்தையோ பெரியவரோ இருந்து, வெயிலும் இருந்தால் சாவி தேடி வீட்டுக்கு ஓடாதீர்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத் தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியை உடையுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் சில நிமிடங்களே போதும், உயிருக்கு ஆபத்து.

ரிமோட்டுக்குப் பெரும்பாலும் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரிதான் வரும். முதல் இரண்டு எண் 20 மில்லிமீட்டர் விட்டம், அடுத்த இரண்டு 3.2 மில்லிமீட்டர் தடிமன். ஊருக்குள் வாட்ச் கடைகளில் கிடைக்கும், வருடம் ஒருமுறை மாற்றிவிடலாம். பழையதைக் கழற்றி மேசை மேல் போட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும். வெளியே தானாக வந்துவிடும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.